எட்டு வயதில் சடங்கா, சிகிச்சையா?



இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் பயிலும் பெண்பிள்ளைகள் சிலர் பருவமடைந்து விடுகிறார்கள். அச்செய்தி கிடைத்ததும் நம் வீடுகளில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. 'வெளியில் சொல்லாதே' என்று பிள்ளையின் வாயை அடைக்கிறோம். மண்டபம் பிடித்துச் சடங்கு வைக்கிறோம். 'எல்லாம் இந்தக் கோழிக்கறியால் வந்த வினை' என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். நடக்க வேண்டிய நான்காவது காரியம் ஒன்று உண்டு. பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அது. பல வீடுகளில் அது மட்டும் நடப்பதில்லை. இக்கொடுமையை எதிர்த்தே இதனை எழுதுகிறேன்.

திடீரென்று வந்ததா?

பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றங்கள் தொடங்கினால் அதனை முன்கூட்டிய பருவமடைதல் என மருத்துவம் வகைப்படுத்துகிறது. பெண்பிள்ளையின் பருவத் தொடக்கம் என்பது முதல் மாதவிடாய் அன்று. மார்பு வளரத் தொடங்குவதே என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. இங்கிலாந்தில் மார்ஷல், டானர் எனும் இருவர் 1969-இல் பெண்பிள்ளைகளைப் பற்றியும் 1970-இல் ஆண்பிள்ளைகளைப் பற்றியும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வளர்ச்சியை 5 படிநிலைகளாக விளக்கின. மருத்துவர்கள் இன்றும் அப்படிநிலைகளையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். முதற்படிக்கும் முதல் மாதவிடாய்க்கும் இடையே பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆகவே, 8 வயதில் பூப்பெய்திய பிள்ளையின் உடலில் பெரும்பாலும் 6 வயதை ஒட்டியே மாற்றம் தொடங்கியிருக்கும். 'திடீரென்று வயதுக்கு வந்துவிட்டாள்' என்கிறோம். திடீரென்று வரவில்லை, நாம்தான் பார்க்கவில்லை!

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான்' என்போர் உண்டு. அதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 17,077 பெண்பிள்ளைகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு, மார்பு வளர்ச்சி தொடங்கும் சராசரி வயது வெள்ளையரிடையே 9.96 என்றும் கறுப்பரிடையே 8.87 என்றும் காட்டியது. முன்னர் எண்ணியதைவிட இது முந்திய வயது. அதனைக் கொண்டு 1999-இல் அந்நாட்டு வல்லுநர்கள் மருத்துவ வரம்பை 7 வயது, 6 வயது எனக் குறைக்கப் பரிந்துரைத்தனர். அப்படிக் குறைத்தால் உண்மையில் நோயுள்ள பிள்ளைகள் கண்ணில் படாமல் போவர் என்று மற்ற மருத்துவர்கள் எதிர்த்தனர். ஒரு மாற்றம் பலரிடம் காணப்படுகிறது என்பதாலேயே அது தீங்கற்றதாகி விடாது. பலரிடம் காணப்படும் பல் சொத்தையை நாம் இயல்பு என்று விட்டுவிடுகிறோமா?

பழி சுமக்கும் கோழி

பெற்றோர் சந்திப்பு நாளில் தாய் ஒருவர் என்னிடம் மிக உறுதியாகச் சொன்னார்: "டீச்சர், கோழி வாங்குறதயே நிறுத்திட்டோம். இனிமே சரியாயிடும்." பிள்ளைக்கு அப்போது 7 வயது. மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எதற்கு என்று திருப்பிக் கேட்டார்.

இந்த அச்சம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் டி.இ.எஸ். எனும் செயற்கை ஹார்மோனைக் கோழிகளின் தோலுக்கடியில் வைத்தது உண்மைதான். 1959-இல் அது தடைசெய்யப்பட்டது. இன்றைய பிராய்லர் கோழி வேகமாகப் பருப்பதற்கு ஹார்மோன் ஊசி காரணமன்று. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததே காரணம். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வகைகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தனர். 56-ஆம் நாளில் முதல் வகை ஏறத்தாழ 900 கிராம், இரண்டாம் வகை 1,800 கிராம், மூன்றாம் வகை 4,200 கிராம் எடை இருந்தது. தீவனம் ஒன்றே, வேறுபட்டது கோழியின் மரபு.

உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? வேண்டும். ஆனால், கவலை சரியான இடத்தில் இருக்க வேண்டும். உடல் பருமனுக்கும் பெண்பிள்ளைகள் முந்திப் பருவமடைவதற்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் எனும் ஹார்மோன், உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்துள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி 5 முதல் 17 வயது வரையிலானோரில் 29.8 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ பருமனோ உடையவர்கள். கோழியைத் தள்ளிவைத்துவிட்டு, இனிப்புப் பானத்தைப் பிள்ளையின் கையில் கொடுப்பது என்ன நியாயம்?

அதற்காகத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். மெலிந்த பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. 2013-இல் பிரேசில், அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய பிள்ளைகள் உள்ள 15 குடும்பங்களை ஆராய்ந்தனர். அவற்றில் 5 குடும்பங்களில் எம்.கே.ஆர்.என்.3 எனும் மரபணுவில் பழுது இருந்தது. பருவத்தைத் தடுத்து நிறுத்தும் பிரேக் போன்ற மரபணு அது. இந்தப் பழுது தந்தையிடமிருந்து வந்தால் மட்டுமே பிள்ளையைப் பாதிக்கும். தாய்வழி வந்தால் பாதிக்காது! 'நீ ஊட்டி வளர்த்த இலட்சணம்' என்று மருமகளை ஏசும் மாமியார்கள் இதனைக் கவனிப்பார்களாக.

காத்திருந்தால் என்ன கெட்டுவிடும்?

முதலில் கெடுவது உயரம். பருவ ஹார்மோன்கள் எலும்பை விரைவாக வளர்க்கின்றன. விரைவாகவே முதிரவும் வைக்கின்றன. எலும்பின் வளர்தட்டு மூடிவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் வளர்ச்சியை மீட்க முடியாது. மூன்றாம் ஆண்டில் வகுப்பிலேயே உயரமாக இருந்து, விளையாட்டுப் போட்டியில் எல்லாரையும் முந்திய பிள்ளை, பின்னர் இடைநிலைப்பள்ளியில் எல்லாரிலும் குள்ளமாகிப் போவது இதனால்தான். இடக்கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரிந்துவிடும்.

இரண்டாவது, மறைந்திருக்கும் நோய். பெண்பிள்ளைகள் பெரும்பாலோரிடம் தனிக் காரணம் எதுவும் தென்படுவதில்லை. சிலரிடம் மூளையில் கட்டியோ வேறு கோளாறோ இருக்கலாம். ஆண்பிள்ளைகளிடம் இத்தகைய காரணம் இருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால், ஆண்பிள்ளைக்குச் சடங்கு இல்லை. எனவே நம் கண்ணும் அங்கே போவதில்லை. 8 வயதில் குரல் உடைந்தவனைப் பார்த்துச் 'சிங்கக்குட்டி' என்று சிரித்துவிட்டுப் போகிறோம்.

இதன் மறுபக்கமும் உண்டு. 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காத பெண்பிள்ளையையும் 14 வயதாகியும் மாற்றம் காணாத ஆண்பிள்ளையையும் மருத்துவரிடம் காட்டவேண்டும். 1938-இல் ஹென்றி டர்னர் விவரித்த டர்னர் குறைபாட்டுடன் பிறக்கும் பெண்பிள்ளைகள் குள்ளமாக இருப்பர். பெரும்பாலும் தாமே பருவமடைய மாட்டார்கள். வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை அவர்களுக்கு உயரம் தரும். ஆனால், வளர்தட்டு மூடுவதற்கு முன்னர் அதனைத் தொடங்கவேண்டும். 'நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளை' என்று மூடி மறைத்துக் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அப்பிள்ளையிடமிருந்து திருடிய ஆண்டு.

மருந்து இருக்கிறது

மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரந்து பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுவதால் பருவம் தொடங்குகிறது. 1978-இல் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் குரங்குகளிடம் விந்தையொன்றைக் கண்டனர். அந்த ஹார்மோனை மணிக்கொரு முறை செலுத்தினால் சுரப்பி விழிக்கிறது. இடைவிடாமல் செலுத்தினால் அடங்கிவிடுகிறது. பாடவேளைக்கு ஒரு முறை அடிக்கும் மணிக்குப் பள்ளி முழுவதும் அசையும். நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருக்கும் மணியை யார் மதிப்பார்? இந்த அறிவைக் கொண்டு 1981-இல் முன்கூட்டிப் பருவமடைந்த சிறுமிகளுக்கு அளித்த சிகிச்சையின் முடிவு வெளிவந்தது. பருவ மாற்றங்கள் நின்றன. இன்று மாதத்திற்கு ஒரு முறையோ மூன்று மாதத்திற்கு ஒரு முறையோ போடும் ஊசியாக அது கிடைக்கிறது.

'ஊசி போட்டால் பிறகு பிள்ளை பிறக்காது' என்பது வெறும் வதந்தி. மருந்தை நிறுத்தியபின் பருவ வளர்ச்சி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது; மாதவிடாயும் வருகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி தேவைப்படாது. கவனித்துவந்தாலே போதும் என்றும் மருத்துவர் சொல்லலாம். ஆயினும், 6 வயதுக்கு முன் மாற்றம் தொடங்கியவர்களுக்கே சிகிச்சையால் உயரம் மிகுதியாகக் காக்கப்படுகிறது. 8 வயதைக் கடந்து தொடங்கினால் அப்பயன் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் காலம் தாழ்த்தாதீர்கள் என்கிறேன்.

நாம் செய்யவேண்டியவை

ஆசிரியர்களே! மாணவர்களின் உயரத்தை அளந்து பதிவதோடு கடமை முடியவில்லை; சென்ற ஆண்டின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திடீர் வளர்ச்சி கண்டால் தாயைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். அதனை ஆசிரியர் அறையின் அரட்டைப் பொருளாக்காதீர்கள். கீழ்நிலை வகுப்புப் பெண்பிள்ளைகளின் கழிவறையிலும் மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கட்டும். நலக்கல்விப் பாடத்தில் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளாதீர்கள். 12 வயது உடலுக்குள் இருப்பது 8 வயது மனம். அவளிடம் பெரியவளின் அடக்கத்தை எதிர்பார்ப்பது தவறு; தவறான கண்களிலிருந்து அவளைக் காப்பது நம் கடமை.

பெற்றோர்களே! அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்குச் செல்லுங்கள். குழந்தை மருத்துவ நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சடங்கையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மண்டபம் எங்கும் ஓடிவிடாது. மாமன் சீரும் காத்திருக்கும். வளரும் எலும்பு காத்திராது.

பிள்ளையின் உடலைப் பற்றிப் பேச வெட்கப்படும் சமூகம், அப்பிள்ளையைக் காக்கும் உரிமையையும் இழந்துவிடுகிறது. வெட்கத்தை விடுவோம். பிள்ளைகளைக் காப்போம்.