மைக்கை வாய்க்கிட்ட வையுங்க

தோழர்களே,

நம்ம பத்திரிகை நாலு பேர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் மாசம் ஓடிவிடுகிறது, எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத சனத்துக்கு அது போவதே இல்லை, அதனால் ஒரு பாட்காஸ்ட் தொடங்குவோம் என்று போன கூட்டத்தில் இளந்தோழர்கள் சொன்னார்கள். நல்ல யோசனை. ஆனால் அன்றைக்கு ராத்திரி பூரா ஓடின பேச்சு ஒரே பேச்சுதான். எந்த மைக் வாங்குறது? எவ்வளவு வசூல் பண்றது? ஒருத்தர் பெரிய ஸ்டுடியோவில் இருக்கிற மைக்கைச் சொன்னார். இன்னொருத்தர் கையிலிருக்கிற போன் போதும் என்றார். ரெண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம், நான் ஏற்கெனவே இதில் அடிபட்டவன்.

எங்க தெருவில் ஒரு ஆயா இருந்தாங்க. எண்பதைத் தாண்டியவங்க. கூலி உயர்வு கேட்டு அறுப்புக்குப் போகாமல் எங்க சனம் மூணு வாரம் கட்டுப்பாடா நின்ற கதை, அதுக்குப் பழிவாங்க ஊர்க்காரர்கள் நம்ம தெருக் கிணற்றில் என்ன கொட்டினார்கள் என்ற கதை, எல்லாம் அவங்க வாயில்தான் இருந்தது. பதிவு பண்ணணும் என்று முடிவு செய்து, கடையில் சொன்னதைக் கேட்டு ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். 'ஊசி விழுந்தாலும் கேட்கும் சார்' என்றார்கள். உண்மைதான். ஊசி விழுந்தது கேட்டது. தகரக் கூரை படபடத்தது கேட்டது. பக்கத்து வீட்டு மிக்ஸி, குழாயடிச் சண்டை, ஆட்டுக்குட்டி, ஊர்க் கோயில் குழாய் ஸ்பீக்கர் அத்தனையும் கேட்டது. ஆயா மட்டும் எங்கேயோ கிணத்துக்குள்ளேயிருந்து பேசுற மாதிரி இருந்தாங்க. 'அறுப்பு முடியட்டும் கண்ணு, திரும்பச் சொல்றேன்' என்றாங்க. அறுப்பு முடியுமுன்னே ஆயாவைத் தூக்கிக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டோம்.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். கண்டென்சர் மைக் மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும். ஸ்டுடியோவில் பெரும்பாலும் 48 வோல்ட். சின்ன அசைவையும் பிடிக்கிற கருவி அது. சத்தம் எதிரொலிக்காத, மூடிய, ஆள் நடமாட்டமில்லாத அறைக்குத்தான் அது பொருத்தம். டைனமிக் மைக் வேற. மேடையில் கையில் பிடித்துப் பேசுகிறோமே, அந்த வகை. அதுக்கு வெளி மின்சாரம் வேண்டாம். கிட்ட இருக்கிற குரலை வலுவாகப் பிடிக்கும், தூரத்துச் சத்தம் அந்த அளவுக்கு ஏறாது. ஷூர் கம்பெனியின் எஸ்எம்58 இந்த வகைதான். 1966ல் வந்தது, இன்னைக்கும் விற்கிறது. கீழே விழுந்தாலும் லேசில் சாகாது.

'நல்ல மைக்' என்று நமக்குச் சொல்லப்படுகிற இலக்கணம் யாருடைய வீட்டை வைத்து எழுதியது? தனி அறை, கனமான கதவு, திரைச்சீலை இருக்கிறவன் வீட்டை வைத்து எழுதியது. ஊரிலிருந்து ஒதுக்கி, ரெண்டு சென்ட் இடத்துக்குள் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்க வைத்தார்களே, அந்தக் காலனிக்கு அது பொருந்தாது. அமைதிகூட நிலம் மாதிரிதான், ஒரு பக்கம் குவிஞ்சு கிடக்கு. அதனால் விலையைப் பார்த்து மைக் வாங்காதீங்க. நம்ம வீட்டைப் பார்த்து வாங்குங்க.

நான் சொல்வது இதுதான். டைனமிக் மைக் ரெண்டு போதும். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் போன்றவற்றில் யுஎஸ்பி வழியும் உண்டு, மேடை மைக்குக்குப் போடுகிற மூணு முள் கேபிள் வழியும் உண்டு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு ஓடிஜி கேபிள் போட்டாலே பதிவாகும். கூடவே காதை முழுசா மூடுற ஹெட்போன் ஒண்ணு. மைக்கில் மிச்சம் பிடித்தாவது இதை வாங்கணும். பதிவு நடக்கும்போதே கேட்காதவன் வீட்டுக்குப் போய்த்தான் அழுவான். நான் அழுதவன்.

மைக் எவ்வளவு நல்லதா இருந்தாலும் தூரம் கெடுத்துவிடும். தூரம் ரெண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். கூரைச் சத்தம் அப்படியே நிற்கும். ஒரு சாணுக்குள் வையுங்க. நாலு விரல்கடைன்னா இன்னும் நல்லது. நேரா வைத்தால் 'ப' சொல்லும்போது காத்து இடிக்கும், அதனால் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்க. காலர் மைக் மாட்டினால் சேலையும் பாசிமணியும் உரசுகிற சத்தம்தான் முதலில் வரும், பார்த்து மாட்டுங்க. ஃபேனை நிறுத்துங்க, போனைப் பறக்கும் நிலையில் போடுங்க. பேசுகிறவர் பின்னாலும் பக்கத்திலும் கொடியில் பழைய சேலை, கம்பளி, கோரைப்பாய் தொங்கவிடுங்க. நெல் மூட்டை இருந்தால் ரொம்ப நல்லது. எதிரொலியைக் குடிக்கும். இதுக்கு யாரும் காசு கேட்கமாட்டான்.

அடுத்தது, சத்தம் நீக்கும் வசதி. போனிலும் கணிப்பொறியிலும் இரைச்சலைத் தானே வெட்டுகிற பொறி இருக்கிறது. பேச்சு மாதிரி இருப்பதை விட்டுவிட்டு மற்றதை அமுக்கப் பழக்கியது அது. அந்தப் பொறி போட்டிருந்த போனில் ஒரு சாவு வீட்டில் பறையைப் பதிவு செய்தேன். ரெண்டு அடி கேட்டது, மூணாவது அடியை முழுங்கிவிட்டது. ஒப்பாரியில் இழுத்து அழுகிற இடமெல்லாம் அறுந்து அறுந்து வந்தது. பறையும் ஒப்பாரியும் அதுக்கு இரைச்சல்! ஊர்க்காரன் காலங்காலமா சொன்னதையே பொறியும் சொல்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் பதிவு பண்ணணும். பறைக்குப் பத்தடி தள்ளி நின்று, அளவை −12க்குக் கீழே வைத்துக்கொண்டால் வெடிக்காது. ஜூம் எச்1 எசென்ஷியல் போன்ற 32 பிட் ஃப்ளோட் கருவிகளில் அந்த அளவுக் கவலையும் குறைவு.

பொறி வெட்டாததை நம்ம ஆளே வெட்டுவதும் உண்டு. ஆடாசிட்டி இலவச மென்பொருள், எடிட் பண்ண அதுவே போதும். ஆனால் ஒரு தம்பி அதில் உட்கார்ந்து, ஒரு பெரியவர் பேசின 'இன்னா', 'கீது' எல்லாத்தையும் வெட்டி, நடுவில் தானே ரேடியோக்காரர் தமிழில் விளக்கம் பேசி ஒட்டினார். கேட்டால், 'எல்லாருக்கும் புரியணும்ல அண்ணே' என்றார். அந்தப் பேச்சைப் பேசியதுக்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினவங்க நாம. இருமலை வெட்டு, வேண்டாங்கல. வழக்கை வெட்டாதே.

கோப்பு யார் கையில் இருக்கணும்? ரொம்ப வருசத்துக்கு முன்னால் ஒரு ஆய்வாளர் எங்க தெருவுக்கு வந்தார். மூணு நாள் தங்கினார், நம்ம வீட்டில் சாப்பிட்டார், கேசட் கேசட்டாப் பதிவு செய்தார். பட்டம் வாங்கியிருப்பார். ஒரு கேசட்கூடத் திரும்பி வரவில்லை. நம்ம பாட்டன் குரல் எந்த அலமாரியில் பூசணம் பூத்துக் கிடக்கோ! ஆகவே மூலப் பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்க. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி ஆகும். ஒரு 64 ஜிபி அட்டையில் 120 மணி நேரம் அளவுக்குக் கொள்ளும். வெளியிடும்போது 64 கிலோபிட் மோனோ எம்பி3 ஆக்கினால் மணிக்கு 29 எம்பிதான், டேட்டா கம்மியா இருக்கிற போனிலும் இறங்கும். மூலத்துக்கு மூணு பிரதி வேணும், அதில் ஒண்ணு வேற ஊரில். பேசினவங்க குடும்பத்துக்கு ஒரு பிரதி கட்டாயம். வெளியிட்ட தளம் நாளைக்கு மூடினாலும் குரல் நம்மிடம் இருக்கணும்.

பேசுகிறவர் நாளைக்கும் அதே ஊரில்தான் கூலிக்குப் போகணும் என்பதை மறக்காதீங்க. பேரைச் சொல்லலாமா, குரலை அப்படியே விடலாமா, எதை இப்ப வெளியிடக்கூடாது என்று அவங்க வாயாலேயே கேட்டுப் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்க. வேண்டாம்னு சொன்னால் வேண்டாம்தான்.

'இதெல்லாம் நடக்குமா?' என்று சிலர் கேட்கிறார்கள். நடந்திருக்கு. இன்றைய தெலங்கானாவில், ஜகீராபாத் பகுதியில், தலித் பெண்கள் 1998லேயே ஒலிபரப்பு நிலையம் அமைத்தார்கள். அரசு உரிமம் தரவில்லை. அவர்கள் கைகட்டி உட்காரவில்லை. கேசட்டில் பதிவு செய்து, ஊர் ஊராகச் சங்கங்களில் போட்டுக் காட்டினார்கள். 2008 அக்டோபர் 15ல்தான் சங்கம் ரேடியோ வானலையில் ஏறியது. பத்து வருசம்! நமக்கு அந்தத் தடைகூட இல்லை. பாட்காஸ்டுக்கு வானலை உரிமம் வேண்டாம்.

'எழுத்து போதாதா, ஏன் குரல்?' என்கிற தோழருக்கும் பதில் சொல்லணும். எழுத்து வேணும். 1907ல் அயோத்திதாசர் பத்திரிகை நடத்தியிருக்காவிட்டால் இன்றைக்கு நமக்கு அவர் இல்லை. ஆனால் 1955ல் பிபிசிக்கு அம்பேத்கர் கொடுத்த பேட்டியை ஒருதடவை கேட்டுப்பாருங்க. அந்த வேகம், அந்தக் கோபம், யாருக்கும் தலைவணங்காத தொனி எந்த அச்சிலும் வராது. 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், அவர்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என உயர்நீதிமன்றம் எழுதி விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு பத்திரமாக இருக்கிறது. அன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளையா நின்று பார்த்தவருக்கு இன்றைக்கு அறுபத்தஞ்சு தாண்டிவிட்டது. எல்லா ஊரிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறார். அவர் குரலை எங்கே வைத்திருக்கிறோம்?

அதனால் என் கருத்து: பெரிய வசூல் வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம். ரெண்டு டைனமிக் மைக், ஒரு ஹெட்போன், மூணு அட்டை. அமைப்பின் பொதுச் சொத்தாக வாங்குவோம். பெண் தோழர்கள் கையில் ஒரு மைக் கட்டாயம் இருக்கணும், சில கதையைப் பெண்ணிடம்தான் பெண் சொல்லுவாள். வாங்குகிற வரைக்கும் இருக்கிற போனையே சத்தம் நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, வாய்க்கு ஒரு சாண் பக்கத்தில் பிடிப்போம். வர்ற ஞாயிற்றுக்கிழமை அவரவர் தெருவில் வயசில் மூத்தவர் யாரோ, அவர் வீட்டிலிருந்து தொடங்குவோம்.

அறுப்பு முடியட்டும் என்று மட்டும் தள்ளிப் போடாதீங்க.

ஜெய்பீம்!