சீருடை வாங்க ஒரு கடை வேண்டும்

கையில் பணம் இருந்தும் கடைக்குப் போய் வாங்க முடியாத பொருள் ஏதாவது உண்டா என்று என்னைக் கேட்டால், உண்டு என்பேன். அது பள்ளிக்கூடச் சீருடை.

இதைத் திருச்சியில் இருந்துகொண்டு சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. மலைக்கோட்டையைச் சுற்றி என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடை வீதி, சின்னக் கடை வீதி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜவுளிக்கடைதான். புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூரிலிருந்தெல்லாம் கல்யாணத்துக்குத் துணி எடுக்க இங்கே வருகிறார்கள். பட்டுப்புடவை முதல் கைக்குட்டை வரை வாங்கலாம். ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு கால்சட்டை வேண்டும் என்றால், "அது ஸ்கூல்லயே குடுப்பாங்க சார்" என்கிறார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் படித்த காலத்தில் பையன்களுக்குக் காக்கி டிராயர், வெள்ளைச் சட்டை. பெண் பிள்ளைகளுக்குக் கரும்பச்சையோ நீலமோ பாவாடை, வெள்ளைச் சட்டை. காக்கி என்றால் சென்னை பெரம்பூர் பின்னி மில் துணிக்குத் தனி மரியாதை. துவைத்துத் துவைத்து நிறம் வெளுக்குமே தவிரத் துணி கிழியாது. மே மாதக் கடைசியில் அப்பா கடைக்கு அழைத்துப் போவார். கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தே எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடுவார். துணியைக் கிழித்து வாங்கிக்கொண்டு தையற்காரரிடம் போனால், "வளர்ற பையன், கொஞ்சம் லூசாவே தைங்க" என்பார் அப்பா. அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று வருடத்துச் செலவுக் கணக்கு அடங்கியிருந்தது.

பெண் பிள்ளைகளின் பாவாடையில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார்கள். வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் பெண்ணோடு சேர்ந்து வளரும். பிரித்த இடத்தில் மட்டும் துணி நிறம் மாறாமல் ஒரு கோடு தெரியும். வகுப்பில் பாதிப் பேருடைய பாவாடையில் அந்தக் கோடு இருந்ததால் யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. அண்ணன் போட்டது தம்பிக்கு வந்தது, அக்கா போட்டது தங்கைக்கு வந்தது. தங்கைக்கும் சிறிதாகிவிட்டால் எதிர்வீட்டுக்குப் போனது.

பின்னால் ரெடிமேட் வந்தது. அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளைகள் படித்த காலத்தில் கடையில் அடுக்கடுக்காகச் சீருடை இருக்கும். 28 பிடித்தால் 30 எடு என்று போட்டுப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி, உட்காரச் சொல்லிப் பார்த்து வாங்கினோம். இந்தக் கடையில் விலை அதிகமென்றால் அடுத்த கடை இருந்தது.

இப்போது நடப்பது வேறு. ஏப்ரலில் பள்ளியிலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. சீருடை பள்ளி வளாகத்தில் இன்ன தேதிகளில் வழங்கப்படும், அல்லது இன்ன இணையதளத்தில் மட்டும் கிடைக்கும். அந்த இரண்டு மூன்று நாளில் வாங்கிவிட வேண்டும். விலை அச்சடித்த விலை. "இரண்டு செட் சாதாரணம், ஒன்று விளையாட்டு நாளுக்கு" என்று கட்டாகவே தருவார்கள். இணையதளம் என்றால் பிள்ளையை நிறுத்தி வைத்து இஞ்ச் டேப்பால் அளந்து, அட்டவணையில் பார்த்து, ஒரு அனுமானத்தில் அளவைப் போட வேண்டும். வந்த பிறகு பார்த்தால் இடுப்பு சரியாக இருக்கும், நீளம் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நிற்கும்.

சென்ற வருடம் ஆகஸ்டில் என் பேரன் விளையாட்டில் விழுந்து கால்சட்டை முழங்காலில் கிழிந்துவிட்டது. பள்ளியில் கேட்டால் ஸ்டாக் இல்லை, அடுத்த ஏப்ரலில்தான் என்றார்கள். ஸ்ரீரங்கத்தில் தெரிந்த கடைகளில் விசாரித்தேன். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரத்தில் இறங்கித் தெப்பக்குளம் பக்கமும் அலைந்தேன். ஒரு கடையில் பெரியவர் ஒருவர் உட்காரவைத்து விவரம் சொன்னார்.

"முன்னாடியெல்லாம் எல்லா ஸ்கூலுக்கும் போட்டோம் சார். ஒரு ஸ்கூல்ல திடீர்னு கலரை மாத்திட்டாங்க. அந்தத் துணி இன்னும் மேல பரண்ல மூட்டையாக் கெடக்கு. அதுக்கப்புறம் யாராவது வச்சுப்பாங்களா?"

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 முதல் 40 வரை இரண்டிரண்டாக வைத்தால் 11 அளவுகள். சட்டை, கால்சட்டை, பாவாடை, மேல்கோட்டு, டிராக் பேன்ட் என்று ஐந்து வகை, அதற்கு 55. டீ-சர்ட் மட்டும் நான்கு 'ஹவுஸ்'களுக்கு நான்கு நிறம், அதற்கு 44. ஆகமொத்தம் ஒரே பள்ளிக்கு 99 தினுசு. பத்துப் பள்ளிக்கு 990. ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்து வைத்தாலே ஐயாயிரம் உருப்படிக்கு முதல் போட வேண்டும். விற்பனையோ மே, ஜூன் இரண்டே மாதம். நிறம் மாறினால் அவ்வளவும் குப்பை. கடைக்காரரை நான் எப்படிக் கோபித்துக்கொள்வது?

ஆகவே கடையில் சீருடை இல்லாததற்குக் கடை காரணமில்லை. பள்ளிக்கூடங்கள் தங்களுக்கென்று தனிக் கட்டம், தனிக் கோடு, காலரில் ஒரு பட்டை, பொத்தானில் கூட முத்திரை என்று போய், அதையும் நினைத்தபோது மாற்றிக்கொண்டிருப்பதுதான் காரணம். அப்படி ஒரு துணியைப் பொதுக்கடை வைக்க முடியாது. ஒரே ஒருவர்தான் விற்க முடியும். ஒருவர் மட்டும் விற்றால் விலையும் அவர் சொன்னதுதான், தரமும் அவர் கொடுத்ததுதான்.

"இதெல்லாம் வசதியுள்ளவர்கள் பிரச்சினை, அரசுப் பள்ளியில் இலவசமாகத்தானே கொடுக்கிறார்கள்" என்று சிலர் கேட்கலாம். உண்மை. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு 1985ல் தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டம் 2012-13 முதல் வருடத்துக்கு நான்கு செட்டாக விரிவானது. கூட்டுறவு நெசவாளர்கள் நெய்த துணியைச் சமூகநலத் துறையின் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. நல்ல திட்டம். ஆனால் தனியார் பள்ளியில் படிப்பவர்கள் எல்லோரும் வசதியானவர்களா? ஆட்டோ ஓட்டுபவர், பூக்கடை வைத்திருப்பவர், வீட்டு வேலை செய்யும் அம்மா என்று எத்தனையோ பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை அங்கே சேர்த்திருக்கிறார்கள்.

அவர்களுக்குத்தான் அடி அதிகம். பொதுக்கடை இருந்தால் ஜூனில் ஒரு செட், தீபாவளி போனஸ் வந்ததும் இன்னொரு செட் என்று பிரித்து வாங்கலாம். தெரிந்த கடைக்காரர் பாதியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்வார். துணி மட்டும் எடுத்துத் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுக்கலாம். இப்போது பள்ளிக் கட்டணம், புத்தகம், வேன் கட்டணம் எல்லாம் சேரும் அதே மாதத்தில் முழுத் தொகையையும் மொத்தமாகக் கட்ட வேண்டும். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடலாம் என்றால் அதற்குள் கோடு மாறிவிடுகிறது. எந்த அளவிலும் அடங்காத குழந்தையின் பாடு இன்னும் மோசம். அதைக் கூட்டத்துக்கு நடுவில் "இந்த சைஸ் இல்லையே" என்று சொல்லும்போது அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது.

சீருடை எதற்காக வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த நாட்களில், ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, ஊர்க்காரர்களிடம் நன்கொடை பெற்றுப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தார்கள். பட்டுச்சட்டைக்காரன் பக்கத்தில் கந்தல் சட்டைக்காரன் கூசி நிற்கக் கூடாது என்பதுதான் எண்ணம். அந்தச் சீருடையே இன்று ஒரு வீட்டின் ஜூன் மாதத்தைக் கலங்கவைக்கிறது.

இதைத் தடுக்க விதியே இல்லையா என்றால், இருக்கிறது. பள்ளிகள் புத்தகம், எழுதுபொருள், சீருடை விற்பனையில் ஈடுபடக் கூடாது, குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. 2017லேயே சுற்றறிக்கை விட்டது. இங்கிலாந்திலும் இதே தொல்லைதான். அங்கே 2021ல் சீருடைச் செலவைப் பற்றித் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதன்படி வெளியான வழிகாட்டுதல், பள்ளி முத்திரை உள்ள உடைகளைக் குறைத்துக்கொள்ளவும், ஒரே கடைக்காரரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பல வருடம் அப்படியே விட்டுவிடாமல் இருக்கவும் சொல்கிறது. பழைய சீருடையை வாங்கிக்கொள்ளப் பள்ளியே வழி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

பள்ளி நிர்வாகிகள் சொல்லும் சமாதானத்தையும் கேட்டிருக்கிறேன். வெளியே வாங்கினால் ஒவ்வொருவர் துணியும் ஒவ்வொரு சாயலில் இருக்கும், பார்க்க நன்றாக இருக்காது என்கிறார்கள். நம் காலத்துக் காக்கியும் பல சாயலில்தான் இருந்தது. அதனால் யாருக்கும் கணக்கு வராமல் போகவில்லை.

என் யோசனை எளிமையானதுதான். எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒற்றை நிறத் துணியைப் பள்ளி தேர்ந்தெடுக்கட்டும். பள்ளியின் பெயர் வேண்டுமென்றால், சட்டைப் பையில் தைத்துக்கொள்ள ஒரு பேட்ஜை மட்டும் விற்கட்டும். துணியின் மாதிரியை அறிவிப்புப் பலகையில் தொங்கவிடட்டும். ஐந்து வருடத்துக்கு மாற்றமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கட்டும். அந்த ஒரு காகிதம் இருந்தால் என்.எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர்கள் தாங்களாகவே வாங்கி அடுக்குவார்கள். வேலை குறைந்து உட்கார்ந்திருக்கும் தையற்காரர்களுக்கும் மே மாதம் பிழைப்பு நடக்கும்.

நம்மில் பலருக்குப் பேரன் பேத்திகள் பள்ளியில் படிக்கிறார்கள். பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு வாய் திறக்கப் பயம், குழந்தையின் மேல் காட்டிவிடுவார்களோ என்று. வேலைக்கு ஓடும் அவர்களுக்கு நேரமும் இல்லை. நமக்கு இரண்டும் பிரச்சினை இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்குத் தாத்தா பாட்டியாக நாமே போகலாம். நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, மரியாதையாக ஒரு கடிதம் கொடுக்கலாம். ஏப்ரலில் அந்தச் செய்தி கைப்பேசிக்கு வந்த பிறகு கேட்டால் பயனில்லை. ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்பார்கள்.