ஓரிக்குச் சிலை உண்டு, கோட்டை எங்கே?

ஜெர்மனியில் நூறு வீடு உள்ள கிராமத்தில்கூட மலை உச்சியில் ஒரு கோட்டை இடிந்து கிடக்கும். ஊரார் அதை இடிந்தபடியே காப்பார்கள். கொல்லிமலைக்கு வருவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி செம்மேடு வந்து சேர்ந்தால் பார்க்கக் கிடைப்பது வல்வில் ஓரியின் சிலை. கோட்டை எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

ஆண்டுதோறும் ஆடி 17, 18-இல் அரசு ஓரி விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, மேடைப் பேச்சு. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாகத் துளைத்த கதையை (புறநானூற்றில் வன்பரணர் பாடியது) எல்லோரும் சொல்வார்கள். அதே ஓரியைக் காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று அகநானூறு சொல்வதை எந்த மேடையாவது சொல்லுமா? கொன்றவனும் செத்தவனும் கடையெழு வள்ளல்கள் பட்டியலிலேயே இருக்கிறார்கள் என்பது இன்னும் சங்கடம்!

"சங்ககாலக் கோட்டையெல்லாம் மண்ணோடு போயிருக்கும், தேடி என்ன பயன்?" என்பார்கள். புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையும் மண்மேடாகத்தான் கிடந்தது. அங்கே 2023-இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியது, சங்ககாலக் கோட்டை வெளிப்பட்டது. கொல்லியில் தேடினால் கோட்டை கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இதே மலை உச்சியை பாக்சைட்டுக்காகத் தோண்டியபோது மட்டும் யாருக்கும் தயக்கம் வரவில்லையே! சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி. ஏர் போகிற ஆழத்தில் என்ன கிடக்கிறது, யார் பார்த்தார்கள்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கோட்டை இல்லையா, சிமெண்டில் கட்டிவிடலாம் என்று நாளை ஒருவர் கிளம்புவார். ஹைடல்பெர்க்கில் 1689, 1693 ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை தகர்த்த கோட்டையின் ஒரு மாளிகையைப் புதுப்பித்துவிட்டு, அடுத்ததையும் கட்டலாம் என்று கிளம்பினார்கள். 1901-இல் கியோர்க் டெஹியோ எதிர்த்து எழுதினார்: காப்பாற்றுங்கள், புதிதாக்காதீர்கள் என்பதே அவர் வாதம். அந்த மாளிகை இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் உலகமே போகிறது.

அறப்பளீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆகாய கங்கைக்கு இறங்குபவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் ஒரு பலகை வைக்க எத்தனை ரூபாய் ஆகும்? பூச்சட்டிக்கு ஆகும் செலவுகூட ஆகாது.