பூட்டு ஈரத்தை நிப்பாட்டாது

மாரி தொடங்கினால் எங்கட சங்கீத அறைகளில ஒரு மணம் வரும். நனைஞ்ச அட்டைப்பெட்டியும் பழைய துணியும் சேர்ந்த மணம். அலுமாரியைத் திறந்தால் கிற்றார் உறைக்கு மேல வெள்ளையாய்ப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். கம்பியில கறள். பிரிட்ஜ் பலகையை விட்டுக் கிளம்பி நிக்கும். உடனே ஒரு தீர்ப்பும் வரும்: "பெடியள் கண்டபடி பாவிச்சுப் பழுதாக்கிப் போட்டாங்கள்." அடுத்த கிழமை அலுமாரிக்கு இன்னொரு பூட்டு.

இந்தக் கட்டுரை அந்தப் பூட்டுக்கு எதிரானது. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், இளைஞர் கழகம், தேவாலயப் பாடகர் குழு என்று எங்க பொதுக் கிற்றார் இருந்தாலும், அதைக் காப்பாற்றுறது என்றால் ஆரும் தொடாமல் வைக்கிறது என்றுதான் நினைக்கிறம். அந்த நினைப்புத்தான் கிற்றாரைக் கொல்லுது.

முதல்ல மரத்தைப் பற்றிக் கொஞ்சம். அக்கூஸ்ரிக் கிற்றாரின்ர மேற்பலகை கிட்டத்தட்ட மூண்டு மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதில பூட்டியிருக்கிற ஆறு உருக்குக் கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவையைக் குடுக்கும். மரம் காற்றில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், திரும்ப விடும். உறிஞ்சினால் நார் ஓடுற திசையில பெரிசாய் நீளாது, குறுக்கால வீங்கும். மேற்பலகை விளிம்பு முழுக்க ஒட்டப்பட்டிருக்கிறதால வீங்கின பலகைக்குப் போக இடமில்லை, நடுவில வயிறு மாதிரிக் கிளம்பும். பிரிட்ஜும் சேர்ந்து உயரும், கம்பி விரலுக்குத் தூரமாகும். பசை இளகினால் இழுவை மிச்ச வேலையைச் செய்யும். "கம்பி அமத்தேலாது, கை நோகுது" என்று ரெண்டாம் கிழமையே விட்டிட்டுப் போற பிள்ளைகளில எத்தனை பேருக்குக் கையில பிழை, எத்தனை பேருக்குக் கிற்றாரில பிழை என்று ஆராவது பார்த்திருக்கிறமா?

கிற்றார் செய்யிற பெரிய கம்பனிகள் தங்கட வாத்தியத்தை 45 தொடக்கம் 55 சதவீதம் சாரீரப்பதனில வைக்கச் சொல்லுதுகள். ஏ.எல். புவியியல் படிச்ச ஆக்களுக்கு இந்தச் சொல் தெரியும். இலங்கையில சாரீரப்பதன் பகலில 70 சதவீதமளவில நிண்டு, இரவில 90ஐத் தொடும். வடக்குக் கிழக்கில ஒக்ரோபரில இருந்து மழை பிடிச்சால் பகல், இரவு வித்தியாசமே குறைஞ்சு போயிடும். மட்டக்களப்பில கச்சான் காற்று அடிக்கிற நாட்களில மட்டும் கதை மாறும், மரம் காயத் தொடங்கும். மற்றபடி எங்கட பிரச்சினை ஈரம் கூடினது. காய்ஞ்சு வெடிக்கிறது எங்களுக்கு இரண்டாவது கவலை.

ஆனா நாங்கள் கேக்கிற புத்திமதி எங்க இருந்து வருது? யூரியூப்பில கிற்றார் பராமரிப்பு என்று தேடினால் வாற வீடியோக்களில முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரருக்கானது. அங்க பனிக்காலத்தில வீட்டைச் சூடாக்குவினம், உள்காற்று 30 சதவீதத்துக்குக் கீழேயும் காயும், பலகை வெடிக்கும். அதால கிற்றாருக்குள்ள ஈரப் பஞ்சு வைக்கச் சொல்லுவினம். அவையளுக்கு அது சரி. அதே ஈரப் பஞ்சை ஒன்லைனில வாங்கி, நவம்பர் மாதம், மழை ஊத்தேக்க, தன்ர கிற்றார் ஓட்டைக்குள்ள தொங்கவிடுற எங்கட பெடியனை என்ன சொல்லுறது? தண்ணிக்குள்ள நிக்கிறவனுக்குத் தண்ணி வாக்கிற வேலை அது. "சொலிட் ரொப் இல்லாட்டி கிற்றாரே இல்லை" என்ற கடைப்பேச்சும் அதே வகைதான். அடுக்குப்பலகைக் கிற்றாரில நார்கள் குறுக்கும் நெடுக்குமாய் ஒட்டியிருக்கிறதால அது குறைவாய்த்தான் வீங்கும். சத்தம் கொஞ்சம் மட்டுத்தான். ஆனா பலர் பாவிக்கிற, ஏசி இல்லாத அறையில கிடக்கிற பொதுக் கிற்றாருக்கு அதுதான் புத்தியான தெரிவு.

இவ்வளவுக்கும் ஈரத்தைப் பற்றி எங்கட சனத்துக்குத் தெரியாத விசயமா? நெல்லைக் காயவைக்காமல் மூட்டை கட்டுற கமக்காரன் இல்லை. ஒடியலும் கருவாடும் காய்ஞ்ச பதத்தைக் கையால தொட்டுச் சொல்லுற அம்மம்மாக்கள் இன்னும் இருக்கினம். பறை அடிக்கிறவர் தோல் இளகினால் நெருப்பில காட்டி இறுக்கிப்போட்டுத்தான் அடிக்கத் தொடங்குவார். ஈரம் வாத்தியத்தை என்ன செய்யும், சூடு அதை எப்படித் திருத்தும் என்ற அறிவு அவர் கையில தலைமுறையாய் இருக்கு. சாதி பார்த்து அந்தக் கையைத் தள்ளி வைச்ச சமூகம், அதில இருந்த அறிவையும் அறிவாய்க் கணக்கில எடுக்கேல்லை. இண்டைக்கு அறிவு என்றால் இங்கிலீசில சப்ரைற்றிலோட வரோணும் எங்களுக்கு.

இப்ப அலுமாரிக்கு வாறன். வெளிச்சுவரோட ஒட்டின, காற்றோட்டம் இல்லாத, மாதக்கணக்கில திறக்காத அலுமாரி பூஞ்சணத்துக்குக் கட்டிக் குடுத்த வீடு. இரவில சுவர் குளிரும், அதோட ஒட்டின காற்றும் குளிரும், குளிர்ந்த காற்றில சாரீரப்பதன் ஏறும். சுவரில மழைத்தண்ணி ஊறினால் சொல்லத் தேவையில்லை. அதுக்கு மேல, பூஞ்சணத்துக்கு வேண்டியது அசைவில்லாத நேரம். பூட்டு அந்த நேரத்தை இலவசமாய்க் குடுக்குது. ஒவ்வொரு நாளும் கையில எடுக்கிற கிற்றாரில கறளும் பூஞ்சணமும் தொடக்கத்திலேயே தெரியும். பிரிட்ஜுக்குப் பின்னால ஒரு கடதாசி நுழையிற அளவு இடைவெளி வந்த அண்டைக்கே ஒருத்தர் கண்டு சொல்லுவார், கம்பியை இளக்கி ஒட்டிப்போடலாம். அலுமாரிக்குள்ள இருக்கிறதை ஆர் பார்க்கிறது? வருசத்துக்கு ஒருக்கா நடக்கிற பொருட்கணக்கெடுப்பில "கிற்றார் - 1" என்று எழுதுவினம். வெடிச்ச கிற்றாரும் 1தான். வயிறு வீங்கின கிற்றாரும் 1தான்.

மறுத்துச் சொல்லுறவை மூண்டு விசயம் சொல்லுவினம். ஒண்டு, களவு போயிடும். நியாயமான பயம். அதுக்குப் பதில், எடுக்கிறவர் பேர் எழுதிக் கையெழுத்து வைக்கிற ஒரு கொப்பி. நூலகம் புத்தகத்தை அப்படித்தானே தருது? ரெண்டு, வெளியில வைச்சாலும் அதே ஈரம்தானே. முழுக்கச் சரியில்லை. மத்தியானத்தில வெப்பம் ஏறேக்க சாரீரப்பதன் இறங்கும். மழையில்லாத நாளில அந்த நேரம் அறையைத் திறந்து, பின்னேரம் மூடினால் வித்தியாசம் இருக்கும். மூண்டாவது, காசில்லை. இதுக்குத்தான் எனக்குக் கோவம் வாறது. ரெண்டு பூட்டுக்குக் காசு இருந்தது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. மலிவான டிஜிற்றல் ஈரமானி ஒண்டு வேண்டி உறைக்குள்ள போடுங்கோ. அது உண்மை சொல்லுதா என்று பார்க்க, ஒரு போத்தல் மூடியில கறியுப்பை எடுத்துச் சேறு மாதிரி நனைச்சு, ஈரமானியோட ஒரு பொலித்தீன் பையில காற்றுப் போகாமல் கட்டி ஓரிரவு விடுங்கோ. 75 காட்டோணும். எவ்வளவு பிசகுதோ அவ்வளவைக் கூட்டிக் கழிச்சு வாசிக்கலாம். சிலிக்கா ஜெல் பைகளை உறைக்குள்ள போட்டு, அவை நிரம்பினதும் சூடாக்கித் திரும்பப் பாவியுங்கோ. நீலமணி போட்ட வகையில கோபால்ற் நஞ்சு இருக்கு, அதைச் சமையல் சட்டியில போடாதேங்கோ. அரிசி வைக்கிறது வேண்டாம், வண்டுதான் வரும். அலுமாரியைச் சுவரில இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கோ. உள்ளுக்கச் சின்ன வெப்பம் குடுத்தாலும் பிரயோசனம்: 27 பாகையில 85 சதவீதமாய் இருக்கிற காற்று 30 பாகைக்கு ஏறினால் 72க்குக் கிட்ட வந்திடும். வாசிச்சு முடிச்சதும் கம்பியைக் காய்ஞ்ச துணியால துடையுங்கோ. ஏசி அறையில இருந்து வெளியில கொண்டுவந்தால் அரை மணித்தியாலம் உறையைத் திறக்காதேங்கோ. லீவுக்கு வீட்டை போகேக்க கம்பியை ஒரு சுரம் இளக்கிவிடுங்கோ.

இதெல்லாம் ஒரு பலகைப்பெட்டிக்கு ஏன் என்று கேக்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதத்துக்குள்ள 360ஐத் தொட்டது. இறக்குமதியாய் வாற எல்லாம் போலக் கிற்றாரும் கைக்கு எட்டாத தூரம் போனது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வீட்டில சொந்தமாய் வைச்சிருக்கும். மற்றப் பிள்ளைக்கு அந்த அலுமாரிக்குள்ள கிடக்கிறதுதான் இருக்கிற ஒரே கிற்றார். அது உளுத்துப் போனால் இன்னொண்டு வராது. அந்தப் பிள்ளை வாசிக்கப் பழகாமலே பட்டம் எடுத்துக்கொண்டு போகும்.

அதால கேட்க வேண்டியதைத் தெளிவாய்க் கேட்பம். திறப்பு மாணவர் கையிலும் ஒண்டு இருக்கோணும். எடுக்கிற ஆள், எடுத்த நேரம், ஈரமானி காட்டின எண் மூண்டையும் எழுத ஒரு கொப்பி அலுமாரிக்குப் பக்கத்தில தொங்கோணும். கிழமைக்கு ஒருத்தர் முறை வைச்சுத் துடைச்சுப் பார்க்கோணும். அடுத்த மாரிக்கு முதல், செப்ரெம்பருக்குள்ள இதைத் தொடங்கோணும். உங்கட இடத்தில பூட்டின அலுமாரி இருந்தால் இந்தக் கிழமையே போய்த் திறக்கச் சொல்லிக் கேளுங்கோ. ஏன் என்று கேட்டால் சொல்லுங்கோ: வாசிக்க.