மண்ணித்தலை யார் பொறுப்பு?

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னதாகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த உப்புநீரில் விளக்கெரியும். எந்தத் திணைக்களமும் கட்டளையிட்டு நடப்பதல்ல இது. யார் எதைச் செய்வது என்பது தண்ணீரூற்று, முள்ளியவளைச் சனத்துக்குப் பரம்பரையாகத் தெரியும். வேலையைப் பங்கிட்டுக்கொள்ள இவ்வளவு தெரிந்த நாம், கடலோரத்தில் இடிந்து நிற்கும் பழைய கட்டடங்களை மட்டும் ஏன் ஆளில்லாச் சொத்தாக விட்டுவைத்திருக்கிறோம்?

பூநகரியில் கௌதாரிமுனைப் பக்கம், மணற்குன்றுகளுக்கு நடுவே மண்ணித்தலைச் சிவன் கோயில் நிற்கிறது. அது சோழர் கலைமரபைச் சேர்ந்தது என்று பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் எழுதியிருக்கிறார். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரிக்குப் போய்வருவது எல்லோருக்கும் இலகுவாகிவிட்டது. போகட்டும், நிறையப் பேர் போகட்டும். ஆனால் கடலோரச் சுவர் எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். உப்புக்காற்று ஈரத்தோடு சாந்தின் நுண்துளைகளுக்குள் புகுகிறது. வெயிலில் ஈரம் காய, உப்புப் படிகமாகி உள்ளிருந்தே தள்ளுகிறது. சாந்து செதில் செதிலாக உதிர்கிறது. அப்படிப்பட்ட சுவரில் ஒருவர் திறப்பால் பெயர் கீறினால் கையோடு சாந்தும் பெயர்ந்து வரும்.

இதைவிடப் பெரிய பயம், பக்தியால் வரக்கூடிய சேதம். இடிந்த கோயிலைக் கண்டால் திருப்பணி செய்யத் துடிப்பது நம் இயல்பு. சீமெந்து பூசி, மாபிள் பதித்து, வர்ணமும் அடித்துவிட்டால் கோயில் புதிதாகிவிடும். பழைய கோயில் இல்லாமல் போய்விடும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட உப்பு பழைய கல்லையே அரிக்கும்.

தொல்பொருள் திணைக்களத்தின் பலகை வந்தால் காணி போய்விடும் என்ற அச்சம் எங்கள் பக்கத்தில் வெறும் கற்பனையல்ல. தொல்பொருள் இடமான குருந்தூர்மலையில் புதிய கட்டுமானங்களை நிறுத்தும்படி முல்லைத்தீவு நீதிமன்றம் 2022இல் கட்டளையிட வேண்டி வந்தது. அந்த மனக்காயம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் மண்ணித்தலையைக் கைவிட்டால் இழப்பு நமக்குத்தான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பாதுகாப்புப் பொறுப்பைத் திணைக்களத்திடம் கொடுத்திருக்கிறது. ஆகவே ஊர் அவர்களோடு பேசத்தான் வேண்டும். அவர்களும் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை ஊரைக் கூட்டித் தமிழில் சொல்லிவிட்டே மண்வெட்டி பிடிக்கவேண்டும்.

மண்ணித்தலை மட்டுமல்ல, மன்னார் அரிப்பில் முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகையும் கரையரிப்பில் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டியதுதானே என்று அதையும் தள்ளிவிட முடியாது. அந்தக் கரையின் முத்துக்குளிப்பில் மூழ்கியவர்களில் நம் சனமும் உண்டு.

சுற்றுலாவுக்கு அநுராதபுரம், கண்டி என்று பஸ் பிடிக்கும் ஆசிரியர்களே, ஒருமுறை மண்ணித்தலைக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பூநகரிப் பிரதேச சபை அங்கே குப்பை அள்ள ஆள் விடட்டும். போகிற எல்லோரும் சுவரில் ஏறாதீர்கள், கல்லொன்றையும் எடுக்காதீர்கள், கொண்டுபோன போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.