சொட்டும் குழாயோடு மல்லுக்கட்டாதீங்க!

பாத்ரூம் குழாய் சொட்டுகிற சத்தம் ராத்திரி படுத்த பிறகுதான் காதில் விழும். எழுந்து போய் இன்னும் கொஞ்சம் இறுக்கித் திருகிவிட்டு வந்தால் அன்றைக்கு நிற்கும். அடுத்த வாரம் இன்னும் பலமாகத் திருக வேண்டியிருக்கும். பழைய மாடல் குழாய்கள் பலவும் கெடுவது இப்படித்தான். உள்ளே தண்ணீரை அடைத்து நிற்பது ஒரு சின்ன ரப்பர் வாஷர். அது தேய்ந்தால் சொட்டும். இறுக்க இறுக்க வாஷர் நசுங்கி, அது உட்காரும் பித்தளை விளிம்பிலும் கோடு விழும். சில ரூபாயில் முடிகிற வேலை, குழாயையே மாற்றும் செலவில் போய் நிற்கும்.

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு. நாலு சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் 21 லிட்டருக்கு மேல். 2019 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த சென்னைவாசிகளுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

சரி, கழற்றிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் எதுவும் அசையாது. பெரும்பாலும் காரணம் போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மரைகளுக்கு நடுவே படிந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடுகின்றன. உடனே பெரிய ஸ்பேனராகத் தேடுவார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. குழாய் மாட்டியிருப்பது சுவருக்குள் இருக்கும் எல்போவில். முழு பலத்தையும் கொடுத்தால் ஸ்பிண்டில் அப்படியே இருக்க, மொத்தக் குழாயும் திரும்பும். உள்ளே பிளாஸ்டிக் பைப் என்றால் டைல்ஸுக்குப் பின்னால் விரிசல் விடலாம். அப்புறம் டைல்ஸை உடைக்கணும், கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் இறங்கும், வாடகை வீடு என்றால் அட்வான்ஸிலும் பிடிப்பார்கள். கை வைக்கும் முன் ஓனருக்கு ஒரு போட்டோ அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

ஸ்பேனருக்கு முன்னால் தேட வேண்டியது வால்வு. பாத்ரூமுக்கு எது, மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் லைனுக்கு எது என்று இன்றைக்கே பார்த்து, ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வும் இறுகித்தான் கிடக்கும். சில அபார்ட்மென்ட்களில் பாத்ரூமுக்கென்று தனி வால்வே கிடையாது. பில்டர் மிச்சம் பிடித்த அந்தச் சொற்பக் காசுக்காக, ஒரு வாஷர் மாற்ற மொத்த பிளாக்குக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கிறது.

தண்ணீரை நிறுத்தியதும் குழாயைப் பாதி திறந்து வைக்க வேண்டும். மிச்சத் தண்ணீர் வடியும், வாஷர் மேலிருக்கும் அழுத்தமும் விலகும். வெள்ளை உப்பு தெரிந்தால், வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுக் கழுவலாம். டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். குரோம் பூச்சையே தின்றுவிடும். அப்படியும் அசையாவிட்டால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று போய்ப் படுங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. எண்ணெய் மரைக்குள் இறங்க நேரம் வேணும்.

மறுநாள் குழாயின் உடம்பில் துணி சுற்றி ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் மேல்பகுதியைத் திருப்ப வேண்டும். முதலில் இறுக்கும் பக்கம் துளி, பிறகு கழற்றும் பக்கம் துளி என்று மாற்றி மாற்றி. பிடி விட்டதும் 'கடக்'கென்று கையில் தெரியும். அதற்குப் பதில் குழாயே சுவரோடு சேர்ந்து திரும்புவது போல இருந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கழன்று வந்த பழைய ஸ்பிண்டிலை குப்பையில் போட்டுவிடாதீர்கள். கால் சுற்றில் திறக்கும் புதுக் குழாயாக இருந்தால் வாஷருக்குப் பதில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். எதுவானாலும் அதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். "அரை இன்ச் ஸ்பிண்டில் ஒண்ணு குடுங்கண்ணே" என்று வாயால் கேட்டு வாங்கினால், நீளமோ பல்லோ மாறிப்போய், தண்ணீர் இல்லாத வீட்டிலிருந்து மறுபடியும் கடைக்கு ஓட வேண்டியதுதான்.