நூற்றைம்பதில் நின்ற நாடி



எங்கள் அபிஷேகப்பாக்கத்தில், அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் இஷா தொழுதுவிட்டு வந்து, நெஞ்சு படபடக்கிறது என்று திண்ணையில் சாய்ந்தார். மகளின் திருமணக் கவலை என்று எண்ணி, வீட்டார் எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைத்தனர். மருமகள் மட்டும் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடத்தில் 75 துடிப்பு. கால் மணி கழித்தும் அதே 75. "மாமா படுத்து ஓய்ந்த பிறகும் நாடி இறங்கவே இல்லையே!" என்று அவர் பதறிய பிறகே 108 வண்டி அழைக்கப்பட்டது. அந்தக் கால் மணி காத்திருந்ததே அதிகம்.

அச்சத்தால் விரையும் நாடி, ஓய்வெடுத்தால் மெல்லத் தணியும். இதுவோ ஆணி அடித்தாற்போல் நிமிடத்துக்கு 150இல் நின்றது. இதற்கு 'ஏட்ரியல் ஃப்ளட்டர்' என்று பெயர். இதயத்தின் வலது மேலறையில் மின்னலை ஒன்று செக்குமாடுபோல் ஒரே வட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றுகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கணு, காவலன்போல் நின்று, இரண்டில் ஒன்றையே கீழே விடுகிறது. ஆகவேதான் 150. நான்கில் ஒன்றையே விட்டால் நாடி 75தான். பார்ப்பவர் நலம் என்றே ஏமாறுவார். நாடியைத் தணிக்கும் மாத்திரை உண்பவரிடம் இவ்வாறு நிகழலாம். ஆதலால் மாத்திரை அட்டைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

ஈ.சி.ஜி. தாளில் இவ்வலைகள் ரம்பப் பற்களைப்போல் தோன்றும். எனினும், 150 துடிப்பில் ஒன்றுவிட்டு ஒரு பல் மற்ற அலைகளுக்குள் மறைந்துவிடுவதால், தேர்ந்த கண்ணும் தவறுவதுண்டு. அப்போது மருத்துவர் அடினோசின் ஊசியால் அக்கணுவைச் சில நொடிகள் அடைப்பார். மறைந்திருந்த பற்கள் வெளிப்படும். அவ்வூசி நோயைக் காட்டித் தருமேயன்றி, பெரும்பாலும் தீர்ப்பதில்லை.

மயக்கம், மார்வலி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி இவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் தாமதம் கூடாது. மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்க வேண்டிவரலாம். நாள்பட்டால் மேலறையில் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரக்கூடும். எனவேதான் பலருக்கு உறைவுத் தடுப்பு மருந்தும் தருகின்றனர். அந்த மின்வட்டத்தையே சுட்டுத் துண்டிக்கும் சிகிச்சையும் இன்று உண்டு.

நம் ஊரிலிருந்து தவளக்குப்பம், அரியாங்குப்பம் கடந்து, நகரையும் தாண்டிக் கோரிமேட்டு ஜிப்மர் சேர்வதற்குள் துடிப்பு தானே சீராகிவிடுவதும் உண்டு. பிறகு நோய்க்குச் சாட்சி, முதலில் எடுத்த ஈ.சி.ஜி. தாள் ஒன்றே. அத்தாளின் கோடுகள் நாளடைவில் மங்கும் என்பதால், அம்மருமகள் நகலெடுத்து மாமாவின் மருந்துப் பையிலேயே வைத்திருக்கிறார்.